ஒரு நெத்திலியின் எடை

நவம்பரில் கருங்கடல் குளிரத் தொடங்கியதும்
நெத்திலி கரையை ஒட்டி வரும்.
சூர்மெனே துறையில் அதைப் பெட்டிக் கணக்கில்தான் பேசுவோம்.
நேற்று எண்ணூறு பெட்டி. முந்தாநாள் அறுநூறு.
ஒற்றை மீனை இங்கே எவனும் எடை பார்த்ததில்லை,
என்னைத் தவிர.

வீட்டில் இருப்பது வேறு தராசு.
உள்ளங்கை அகலம். கிராமுக்குக் கீழும் வாய் திறக்கும்.
செனிஹா உருளைக்கிழங்கை அதில் வைக்கிறாள்,
ஒரு வில்லையை எடுக்கிறாள்,
அதில் பாதியைக் கிள்ளித் திரும்ப வைக்கிறாள்.
தட்டோடு காத்திருக்கிறாள் எல்வான். ஆறு வயது.

பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் ஊசி.
அட்டையில் ஊறிய நாலு பொட்டு ரத்தம்
அங்காராவுக்குப் போனது,
எங்களுக்கு முன்பே எங்கள் மகளை அறிந்துகொண்டது.
ஃபினைல் அலனின்.
அந்தப் பெயர் நாக்கில் படிய எனக்கு ஒரு பருவம் பிடித்தது.
வலை இழுக்கும் மூச்சோடு மூச்சாக
அசை அசையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"எந்த உடம்பும் இதைத் தானே செய்துகொள்ளாது" என்றார்
உணவியலாளர் பெரிஹான்.
"வெளியே இருந்துதான் வரவேண்டும். மீனில், பாலில், பருப்பில்.
உங்கள் மகளிடம் வருவது போகாது. அவ்வளவுதான்."
வந்ததை உருமாற்றி அனுப்பும் ஒரு நொதி
அவள் ஈரலில் வேலைக்கே வரவில்லையாம்.
தேங்கினால் மூளையைத் தொடும்.
அப்படியென்றால் அடியோடு நிறுத்திவிடுகிறேன், என்றேன்.
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
"நிறுத்தினால் வளரமாட்டாள்."

வேண்டும்.
வேண்டாம்.
இடையில் ஒரு நாளைக்கு இருநூற்றெண்பது மில்லிகிராம்
அகலத்தில் ஒரு பலகை.
கண்ணைக் கட்டாமலே அதில் நடக்கப் பழகியிருக்கிறாள்.

மீதி எல்லாம் டப்பாவில் வரும் மாவு.
தண்ணீரில் கலக்கி மூன்று வேளை.
மீன் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த என் மூக்கு
அதற்குச் சுருங்கும்.
அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு
வெள்ளை மீசையோடு சிரிப்பாள்.

ஒரு நெத்திலி
அவளுடைய ஒரு நாளில் கால்வாசி.
கணக்குப் போட்டவன் நான். செனிஹாவிடம் சொல்லவில்லை.

போன ஜனவரியில் காய்ச்சல்.
மூன்று நாள் எதுவும் உள்ளே தங்கவில்லை.
தராசு சும்மா கிடந்தது.
உண்ணவில்லை, அளவு இறங்கியிருக்கும், என்று
வெட்கமில்லாமல் ஆறுதல்பட்டேன்.
ரத்தம் பார்த்தார்கள்.
இரண்டு மடங்கு.

யார் கொடுத்தது என்று கத்தினேன்.
தம்பியைச் சந்தேகப்பட்டேன், பக்கத்துவீட்டு ஆயிஷெனை,
ஒரு நிமிடம் செனிஹாவையும்.
பெரிஹான் தொலைபேசியில் மெதுவாகச் சொன்னார்:
"யாரும் கொடுக்கவில்லை.
பசித்த உடம்பு தன் தசையை அவிழ்க்கிறது, இதிரிஸ்.
அவள் இப்போது அவளையே உண்கிறாள்."

ஆறு வருடம் வாசலில் காவல் நின்றிருக்கிறேன்.
அதுவோ உள்ளே
அவள் தொடையாக, கன்னமாக,
கழுத்தைக் கட்டும் கைகளாகக் குடியிருந்தது.
நாங்கள் அளந்து அளந்து ஊட்டியதுதான்.

விடிய விடிய சர்க்கரைத் தண்ணீர்,
கரண்டியின் நுனியில்.
அன்று படகு நான் இல்லாமல் போனது.
நல்ல மீன் பாடு என்று சொன்னார்கள்.

மார்ச்சில் பத்து மில்லிகிராம் கூட்டிக் கொடுத்தார்கள்.
எப்படிச் செலவழிப்பது என்று இரண்டு நாள் யோசித்து
மக்காச்சோள ரொட்டியின் கருகிய ஓரத்தைக் கேட்டாள்.
மூன்று கிராம்.
மாலை முழுவதும் எறும்பு போலத் தின்றாள்.
கடைசித் துணுக்கை என் சட்டைப்பையில் போட்டு
"உனக்கு" என்றாள். "அளந்துவிட்டுச் சாப்பிடு."

செனிஹா நோட்டை எடுத்து
அதைக் கழித்து எழுதினாள்.